தொட்டுத் துலங்கும் கை

1895-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபிரடெரிக் மாட், சார்லஸ் ஷெரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கையை அசைக்கும் நரம்புகளை அவர்கள் விட்டுவிட்டார்கள். கையிலிருந்து முதுகுத்தண்டுக்குச் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்பு வேர்களை மட்டும், ஒரு பக்கத்தில், வெட்டினார்கள். தசைகளுக்கு ஒரு குறையும் இல்லை. மூளையின் இயக்கப் பகுதியில் மின்தூண்டல் கொடுத்தால் அந்தக் கை அசையவும் செய்தது. ஆனால் குரங்கு தானாக அந்தக் கையை நீட்டி உணவை எடுக்கவில்லை. எதையும் பற்றவும் இல்லை. அசையும் திறன் அப்படியே இருந்தும், உணர்வு போனதால் அந்தக் கை பயனற்றுத் தொங்கியது.

பக்கவாதம் வந்து கை விளங்காமல் போனவர்களைப் பற்றிப் பேசும்போது, “கையில் பலம் போய்விட்டது” என்றுதான் நாம் சொல்கிறோம். எண்ணெய் தேய்த்து நீவுவது, ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வது எல்லாம் அந்தப் பலத்தை மீட்கும் முயற்சிகளே. பலம் வேண்டியதுதான். ஆனால் பலம் மட்டும் இருந்தால் கை வேலை செய்யாது. ஒரு பொருளைத் தொட்டதும் அது எவ்வளவு கனம், கெட்டியா மென்மையா, வழுக்குகிறதா என்ற செய்தி மூளைக்குப் போக வேண்டும். அதற்கேற்ற கட்டளை உடனே விரலுக்குத் திரும்ப வேண்டும். இந்தப் போக்குவரத்து அறுந்தால் பலமுள்ள கையும் தடுமாறும்.

கணினி உருவாக்கும் மெய்நிகர் காட்சிகளையும் தொடு உணர்வை உண்டாக்கும் கருவிகளையும் சேர்த்துச் செய்யும் கை மறுவாழ்வுச் சிகிச்சை, அறுந்துபோன இந்தப் போக்குவரத்தை மீண்டும் ஓட வைக்கும் முயற்சி. அதன் பின்னுள்ள அறிவியல் என்ன, உண்மையில் எவ்வளவு பலன் தருகிறது, நம் நாட்டுக் குடும்பங்களுக்கு அதனால் ஆகக்கூடியது என்ன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விரல் நுனியில் நடப்பது

ஒரு கையில் 27 எலும்புகள். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு நீண்ட தசைநாண்கள் வழியே விரல்களை இழுக்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் நுணுக்கமான அசைவுகளைப் பார்த்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டை நடத்துவதற்கு மூளைக்கு வேண்டிய தகவலைத் தருவது தோல்.

உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகச் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருப்பதாக ஸ்வீடனைச் சேர்ந்த ரோலண்ட் யோஹான்சன், ஆகே வால்போ இருவரும் 1979-இல் கணக்கிட்டார்கள். இவை நான்கு வகை. மெய்ஸ்னர் உணர்விகள் லேசான தீண்டலையும் பொருள் வழுக்கத் தொடங்குவதையும் கண்டுபிடிக்கும். மெர்க்கல் உணர்விகள் விளிம்பையும் நிலையான அழுத்தத்தையும் அறியும். தோல் இழுபடுவதை ரஃபினி உணர்விகள் சொல்லும். நொடிக்கு 200 முதல் 300 முறை நிகழும் நுண்ணிய அதிர்வைப் பசீனியன் உணர்விகள் மிக நன்றாகப் பிடிக்கும்.

யோஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அருமையைக் காட்டியது. ஒரே எடையுள்ள பொருளின் மேற்பரப்பைப் பட்டு, மெல்லிய தோல், உப்புத்தாள் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆட்களை இரு விரலால் தூக்கச் சொன்னார்கள். வழுக்கும் பட்டு என்றால் விரல்கள் தாமாகவே அதிகமாக அழுத்தின; சொரசொரப்பான உப்புத்தாள் என்றால் குறைவாக அழுத்தின. பொருள் நழுவாமல் இருக்க எவ்வளவு அழுத்தம் தேவையோ, அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். சற்று நழுவினாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகியது. நாம் எண்ணிப் பார்த்துச் செய்யும் வேகம் அல்ல இது. விரல் நுனியை மரத்துப்போகச் செய்தபோதோ, இந்த நுட்பமெல்லாம் குலைந்தது. தசை முழுப் பலத்தோடு இருக்கும்போதே, மரத்த விரலால் தீக்குச்சியை எடுத்து உரசுவதுகூடப் பெரும்பாடாகிவிடும்.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அசைவோடு தொடு உணர்வும் ஓரளவு பாதிக்கப்படுகிறது. விரலை மடக்கிக் காட்டச் சொல்லி நாம் சோதிக்கிறோம். கண்ணை மூடச் சொல்லி, கையில் சாவியா நாணயமா என்று கேட்டுப் பார்ப்பது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் லியான் கேரி குழு 50 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், துணியின் நெசவு வேறுபாடு, மூட்டின் நிலை, பொருளின் வடிவம் ஆகியவற்றைத் தொட்டே அறியும்படி முறையாகப் பயிற்சி கொடுத்தபோது உணர்வுத் திறன் தெளிவாக மேம்பட்டது. இழந்த தொடு உணர்வைப் பயிற்சியால் ஓரளவு மீட்க முடியும் என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பழக்கினால் மூளை மாறும்

மாட்டும் ஷெரிங்டனும் செய்த சோதனைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் பல பத்தாண்டுகள் கழித்து அதே சோதனையை எடுத்து, ஒரு மாற்றம் செய்தார். குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தார். வேறு வழியில்லாத குரங்கு, உணர்வற்ற கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. நேர்த்தி இல்லை; ஆனால் பயன்படுத்தியது. முதல் சில வாரங்களில் முயன்று முயன்று தோற்றதால், “இந்தக் கை உதவாது” என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது என்பது டாப் கண்ட விளக்கம். கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்கவும் முடியும். இதிலிருந்து பிறந்த சிகிச்சையில், நோயாளியின் நல்ல கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையாலேயே வேலைகளைச் செய்ய வைக்கிறார்கள். 222 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் இதன் பலனை உறுதிசெய்தது.

1996-இல் ராண்டால்ஃப் நூடோ குழு மூளைக்குள்ளேயே எட்டிப் பார்த்தது. குரங்குகளின் மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு சேதத்தை உண்டாக்கினார்கள். பயிற்சி இல்லாமல் விட்டால், சேதமடையாமல் மிஞ்சியிருந்த கைப் பகுதியும் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கும் பயிற்சியை நாள்தோறும் கொடுத்தால், அந்தப் பகுதி சுருங்காமல் நின்றது. சில குரங்குகளில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள் விரிந்தும் போனது.

இந்த மாற்றத்துக்கு வேண்டியது எண்ணிக்கை. விலங்குச் சோதனைகளில் ஒரு நாளைக்குச் சில நூறு முறை அசைவு நடக்கிறது. மனிதர்களுக்கு? கேத்தரின் லாங் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. பயன்பாட்டை ஒட்டிய கை அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 முறைதான் நடந்தன. சிகிச்சையாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நேரம் குறைவு, நோயாளி களைத்துப்போகிறார், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது யாருக்கும் சலிப்பைத் தரும். முப்பதை முந்நூறாக்க வேண்டும், அந்த முந்நூறும் மூளைக்குப் பொருளுள்ளதாக இருக்க வேண்டும். இந்தத் தேவைதான் மெய்நிகர் உலகத்தைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்தது.

கண்ணாடிப் பெட்டியும் கையுறையும்

கண்ணுக்குக் காட்டும் காட்சி, கையைப் பற்றிய மூளையின் எண்ணத்தையே மாற்றக்கூடும் என்பதை எளிமையாகக் காட்டியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் ஏற்படும் வலிக்காக, 1990-களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாக மூளை உணர்ந்தது. சிலருக்கு வலி தணிந்தது. இதே முறையைப் பக்கவாதக் கைக்கும் பயன்படுத்தலாம் என்று 1999-இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. 2018-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, கண்ணாடிச் சிகிச்சை அசைவை மிதமான அளவில் மேம்படுத்துகிறது என்பது தெரியவந்தது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலையில் கிடைக்கும் சிகிச்சை இது.

மெய்நிகர் கருவி இதற்கு அடுத்த படி. இங்கே விரலின் அசைவைக் கணினி அளக்கும். அளந்ததற்கேற்பத் திரையிலோ தலையில் மாட்டும் கருவியிலோ ஒரு கை அசையும். விரல் அசைவைக் கணினிக்குச் சொல்லும் டேட்டாகிளவ் என்ற கையுறையை, ஜாரன் லானியர் தொடங்கிய விபிஎல் நிறுவனம் 1987-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கையுறையின் முக்கிய வேலை அளப்பது. விரலை எதிர்த்துத் தள்ளும் விசையை அது உணர்த்தவில்லை.

விசையை உணர்த்தும் கையுறையை உருவாக்கியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகோர் பூர்டியா. அவர் குழுவின் ரட்கர்ஸ் மாஸ்டர் கருவியில் உள்ளங்கைக்கும் விரல் நுனிகளுக்கும் இடையே நான்கு சிறு காற்றழுத்த பிஸ்டன்கள் இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. திரையில் தெரியும் பந்தை அமுக்கினால் பிஸ்டன்கள் எதிர்த்துத் தள்ளும். பந்து கெட்டியானால் எதிர்ப்பு கூடும். கையில் ஒன்றுமே இல்லை; ஆனாலும் விரல்கள் ஒரு பொருளை உணரும்.

பூர்டியாவும், ரட்கர்ஸ் அமைந்த நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த அல்மா மெரியன்ஸ் போன்ற சிகிச்சை ஆய்வாளர்களும் இதைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். பயிற்சிகள் நான்கு. விரல்கள் எவ்வளவு தூரம் மடங்கி நீள்கின்றன என்பதற்கு ஒன்று: விரலை அசைக்க அசைக்கத் திரையில் ஒரு சன்னல் துடைபட்டு அதற்குப் பின்னே இயற்கைக் காட்சி தெரியவரும். வேகத்துக்கு ஒன்று. மற்ற விரல்கள் கூடவே மடங்காமல் ஒரு விரலைத் தனியே அசைப்பதற்கு மெய்நிகர் பியானோ. பலத்துக்கு பிஸ்டன் கையுறை. இலக்கை வகுத்த விதத்தில்தான் இதன் உயிர் இருக்கிறது. அந்த நோயாளி உண்மையில் எவ்வளவு செய்கிறார் என்பதை அளந்து, அந்தச் சராசரியை ஒட்டியே அடுத்த இலக்கைக் கணினி வைத்தது. பெரும்பாலும் எட்டிவிடலாம், எட்டுவதற்குச் சற்று முயலவும் வேண்டும். மூன்று நோயாளிகள் இரண்டு வாரம் தீவிரமாகப் பயின்ற முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. மூவரும் ஒரே அளவில் முன்னேறவில்லை. ஆனால் நாள்பட்ட பக்கவாதத்திலும் கை மாறும் என்பதை அந்தச் சிறு ஆய்வு சுட்டிக்காட்டியது. அதன்பின் நியூஜெர்சி ஆய்வாளர்கள் பியானோ பயிற்சியில், அசையக்கூடாத விரல்களை மட்டும் பிடித்து நிறுத்தும் எந்திரக் கையுறையைச் சேர்த்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் விரல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருண்டுகொள்ளும் தொல்லையை அது நேரடியாக எதிர்கொண்டது.

தொடாததைத் தொட வைப்பது

தொடு உணர்வுப் பின்னூட்டம் என்பதில் இரண்டு வகை அடங்கும். ஒன்று விசை: விரலை எதிர்த்துத் தள்ளுவது, நிறுத்துவது, இழுப்பது. இதைத் தசையும் மூட்டும் உணர்கின்றன. இதற்குக் காற்றழுத்த பிஸ்டனோ, மோட்டாரோ, விரலின் பின்புறம் ஓடும் நூலைப் பிரேக் பிடித்து நிறுத்தும் அமைப்போ பயன்படுகிறது. மற்றது தோல் உணர்வு: விரல் நுனியில் சிறு அதிர்வு மோட்டார் துடிப்பது, தோலை மெல்ல அழுத்துவது அல்லது இழுப்பது. செல்பேசி அதிர்வதும் இந்த வகைதான். இது செலவு குறைந்தது; ஆனால் பெரும்பாலும் பொருளைத் தொட்டுவிட்டோம் என்பதைத்தான் சொல்லும், அதன் கெட்டித்தன்மையை விசையைப்போல் நன்றாகச் சொல்லாது.

கண்ணை நம்ப வைப்பதைவிட விரலை நம்ப வைப்பது கடினம். நொடிக்கு அறுபதோ தொண்ணூறோ படங்கள் மாறினாலே கண்ணுக்குத் தொடர்ச்சியான காட்சி கிடைத்துவிடும். கெட்டியான ஒரு சுவரை விரல் உணர வேண்டுமானால் விசையை நொடிக்குச் சுமார் 1,000 முறை கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. தாமதமானால் சுவர் நடுங்கும், அல்லது களிமண்போல் நெகிழும். கருவிகளின் விலை உயர்வுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். தொடு உணர்வே இல்லாத மெய்நிகர் விளையாட்டில் நோயாளி ஒரு டம்ளரைப் பிடிக்கப் போனால், விரல்கள் டம்ளருக்குள் புகுந்துவிடும். எங்கே நிறுத்துவது, எவ்வளவு அழுத்துவது என்று கை கற்க வழியில்லை. கண்ணையே நம்பிக் கையை நகர்த்தும் பழக்கம்தான் வளரும். உண்மையான சமையலறையில் டம்ளரைப் பார்க்காமலே எடுக்கும் திறன் அதனால் வராது. விரல் தொட்ட கணத்திலேயே அதிர்வோ எதிர்ப்போ கிடைத்தால், அசைவும் அதன் விளைவும் ஒன்றோடொன்று மூளையில் பதிகின்றன. தொடு உணர்வு குறைந்த நோயாளிக்கு, எஞ்சியிருக்கும் உணர்விகளைத் தட்டி எழுப்பும் வழியாகவும் அது அமையலாம்.

ஆய்வுகளின் தீர்ப்பு

நம்பிக்கை வேண்டும், மிகைப்படுத்தல் கூடாது. நோயாளியின் குடும்பம் நகையை அடகு வைத்தாவது செலவு செய்யத் தயாராக இருக்கும் விஷயம் இது. ஆகவே பெரிய ஆய்வுகள் சொல்வதை உள்ளபடி தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாதச் சிகிச்சையில் மெய்நிகர் முறைகளைப் பற்றிய 72 ஆய்வுகளை, மொத்தம் 2,470 பேரின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் அலசியது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர் முறையைக் கொடுத்தால், கை அசைவில் கூடுதல் பலன் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் தெரிந்தது. 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 141 பேர். ஒரு பாதிக்கு நின்டென்டோ வீ என்ற காணொளி விளையாட்டு, மறுபாதிக்குச் சீட்டு, பிங்கோ, கட்டைகளை அடுக்கும் ஜெங்கா. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறின. பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், கைக்கு எந்திரன் தந்த பயிற்சி, அங்கே வழக்கமாகத் தரப்படும் சிகிச்சையைவிடக் கையின் செயல்திறனை உயர்த்தவில்லை.

இந்த முடிவுகள் கருவிகள் வீண் என்று சொல்லவில்லை. கருவி என்ற பெயருக்காகக் கை குணமாவதில்லை என்கின்றன. எத்தனை முறை, எவ்வளவு பொருத்தமாக, எந்த அளவு முயற்சியோடு கை பயிற்சி பெறுகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. வீட்டில் சீட்டு ஆடுவதும் பயிற்சியே. ஏனென்றால் அங்கே உண்மையான சீட்டை உண்மையான விரல் தொடுகிறது. ஒருவருக்கு மனித உதவி கிடைக்காத நேரத்திலும் பயிற்சியைத் தொடர வைப்பது, அசைவைத் துல்லியமாக அளந்து வைப்பது, ஓரிரு விரல் மட்டுமே அசையும் ஒருவரையும் ஏதோ ஒன்றை வெற்றியாக முடிக்க வைப்பது, இந்த மூன்றிலும் கருவிக்குத் தனி மதிப்பு உண்டு.

எச்சரிக்கைகளும் உண்டு. தலையில் மாட்டும் கருவி சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். வலிப்பு வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. தசை இறுக்கத்தால் மடங்கிய விரல்களை வலுக்கட்டாயமாகக் கையுறைக்குள் நுழைத்தால் காயம் ஏற்படலாம். உணர்வற்ற தோலில் பட்டைகளை இறுக்கிக் கட்டினால், புண் ஆவதுகூடத் தெரியாது.

வேலூர் கற்றுத்தந்தது

உணர்வற்ற தோலின் ஆபத்தை உலகுக்கு அழுத்தமாகச் சொன்ன இடம் வேலூர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நோய் நரம்பைத் தாக்கி வலியை அழித்துவிடுகிறது. வலி தெரியாததால் தினம் படும் காயங்களே விரல்களைக் குலைக்கின்றன என்பதை அவர் நிறுவினார். தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் நிமிர்த்தும் அறுவையைத் தொழுநோயாளிகளுக்குச் செய்தார். அறுவைக்குப் பின் கையைப் பழக்கித் தொழில் கற்றுத்தரும் ஏற்பாட்டையும் செய்தார்.

அதே வேலூர் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறையும் சென்னை ஐஐடியின் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, புளூட்டோ என்ற கைப்பயிற்சி எந்திரத்தை உருவாக்கின. 2021-இல் அதன் வடிவமைப்பு ஆய்விதழில் வெளியானது. மோட்டார் ஒன்றே ஒன்றுதான். கைப்பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டை மடக்குவது, முன்கையைத் திருப்புவது, விரல்களை விரித்து மூடுவது என வெவ்வேறு பயிற்சிகளை அதுவே தரும். நோயாளி திரையில் ஒரு விளையாட்டை ஆடுகிறார்; கை தடுமாறும் இடத்தில் மோட்டார் துணைக்கு வருகிறது. தலையில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. பல மோட்டார்கள் கொண்ட விலையுயர்ந்த கருவிகளை இறக்குமதி செய்ய முடியாத மருத்துவமனைகளையும் வீடுகளையும் மனத்தில் வைத்துச் செய்த வடிவமைப்பு இது. சென்னை ஐஐடியில் தொடு உணர்வுத் தொழில்நுட்பத்துக்கென்றே தனி ஆய்வகமும் இயங்குகிறது. அறிவுக்கும் ஆய்வாளர்களுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. ஆனால் இந்தக் கருவிகள் மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை வர வேண்டும். அவற்றை இயக்கத் தெரிந்த இயன்முறை மருத்துவர்களையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களையும் அரசு போதிய அளவில் நியமிக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் கருவியில் தூசிதான் படியும்.

வீட்டில் பக்கவாதம் கண்டவர் இருந்தால், கருவி வரும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் அனுமதித்ததும் பயிற்சியைத் தொடங்குங்கள். விளங்காத கையை மடியில் போட்டு நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யும் பழக்கம் ஊன்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை அசைகிறதா என்று சோதிக்கும்போதே, தொட்டால் தெரிகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடிச் சிகிச்சை பொருந்துமா என்று விசாரியுங்கள். அரிசி, துணி, சாவி, நாணயம் என வீட்டில் இருப்பதைத் தொட்டுப் பார்த்து அடையாளம் சொல்ல வையுங்கள். மெய்நிகர் சிகிச்சை தருகிறோம் என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஓர் அமர்வில் கை எத்தனை முறை அசையும், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள், வழக்கமான சிகிச்சையும் கூடவே தொடருமா? இந்த மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும் இடத்தில் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.